ஏழு முறை போன வீடு

அந்த வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் சிவசக்தியை எழுப்பி நிற்க வைத்துக் கேள்வி கேட்டபோது லூர்துசெல்வி இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தாள். இருவரும் ஏற்காடு மலையில் கிராம சுகாதார நர்ஸ்கள். லூர்துசெல்விக்கு இது பதினேழாவது வருஷம், சிவசக்திக்கு ஐந்தாவது. ஓடைக்கு மேற்கே இருக்கும் ஊர்கள் லூர்துசெல்வியின் பொறுப்பு. கிழக்கே இருப்பவை சிவசக்தியுடையவை.

கேள்வி கேட்டவர் வட்டார மருத்துவ அலுவலர் டாக்டர் அருண்குமார். வழக்கமாகக் கத்துகிற மனிதர் இல்லை. அன்று காலை வீடியோ கூட்டத்தில் மேலதிகாரிகள் அவரை அரை மணி நேரம் வறுத்து எடுத்திருந்தார்கள். சிவசக்தியின் ஊரில் கௌரி என்ற பெண்ணுக்கு வீட்டிலேயே பிரசவமாகி, பிள்ளை தங்கவில்லை. மலையில் வீட்டுப் பிரசவமே இல்லை என்று போன மாதம்தான் மேலிடத்துக்கு எழுதி அனுப்பியிருந்தார்கள்.

“அந்த வீட்டுக்கு எத்தனை தடவை போனீங்க?”

“ஏழு தடவைங்க சார்.”

“ஆப்ல மூணுதான் காட்டுது.”

“அங்க டவர் கிடைக்காதுங்க சார். போட்டோ ஏறலீங்க. நோட்டுல எழுதி வெச்சிருக்கேனுங்க.”

“நோட்டுல நான்கூட எழுதுவேன், எழுபது தடவைன்னு.” பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். “கூட யாராவது வந்தாங்களா? பார்த்த ஆள் உண்டா?”

சிவசக்தியின் தலை மெல்லத் திரும்பியது. பெயரை அவள் சொல்லவில்லை. இரண்டு நாற்காலிக்கு அப்பால் பார்த்தாள், அவ்வளவுதான்.

ஐந்தாவது முறை போனபோது லூர்துசெல்வி உடன் போயிருந்தாள். கௌரியின் மாமனார் பெரியண்ணனை அவளுக்கு முன்பே தெரியும் என்பதால், “நீங்க சொன்னா கேப்பாருங்கக்கா, ஒருவாட்டி வாங்க” என்று சிவசக்திதான் அழைத்துப் போனாள். அந்த வீட்டில் கருப்பட்டிக் காப்பி குடித்ததும் நினைவிருந்தது. “நானும் போனேனுங்க சார்” என்று சொல்ல ஒரு மூச்சு போதும். ஆனால் அந்த மாதம் லூர்துசெல்வியின் ஊர்களில் ஒன்பது குழந்தைகளுக்கு இரண்டாவது தவணை ஊசி பாக்கி இருந்தது. பட்டியலில் அடுத்த பெயர் அவளுடையது. வாயைத் திறந்தால் கேள்வி அப்படியே இந்தப் பக்கம் திரும்பும். மடியில் இருந்த பதிவேட்டின் பக்கத்தைத் திருப்பி, அதில் எதையோ தேடுவது போலக் குனிந்துகொண்டாள்.

சிவசக்தி இருபது நிமிஷம் நின்றாள். கடைசியில் உட்காரச் சொன்னபோதும் அவளுக்கு அது காதில் விழவில்லை. பக்கத்தில் இருந்த பெண் புடவையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

அடுத்த புதன்கிழமை தடுப்பூசி நாள். லூர்துசெல்வி தன் வேலையை முடித்துவிட்டுச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது போன் அடித்தது. அழைத்தவன் மெல்வின், அவளுடைய சர்ச்சுக்கு வருகிறவன், ஆட்டோ ஓட்டுகிறவன்.

“செல்விக்கா, உங்க நர்சு ஒருத்தங்க ஒண்டிக்கடை பஸ் ஸ்டாப்புல காலையில இருந்து உக்காந்திருக்காங்க. ஒம்பது மணிக்குப் பார்த்தேன், இப்பவும் அதே மாதிரி இருக்காங்க. கேட்டா பேச மாட்டேங்கறாங்க. சனம் வேடிக்கை பார்க்குதுங்கக்கா, சீக்கிரம் வாங்க.”

போய்ப் பார்த்தபோது சிவசக்தி யூனிஃபார்ம் சேலையில், மருந்துப் பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காலையில் மருந்து எடுத்துக்கொண்டு கிளம்பியவள் எந்த ஊருக்கும் போய்ச் சேரவில்லை. ஸ்கூட்டர் பக்கத்திலேயே, சாவியோடு நின்றது. எதிரே கடை வாசலில் ஆறேழு பேர். ஒருவன் போனை உயர்த்திப் பிடித்திருந்தான். மெல்வின் அவன் கையைத் தட்டிவிட்டான்.

“சிவா, ஏன் கண்ணு இங்க உக்காந்திருக்கற?”

“போகோணுங்கக்கா. எந்தப் பக்கமுன்னுதான் தெரியல.”

ஐந்து வருஷமாகப் போய் வந்த வழி அது. கண்ணைக் கட்டிவிட்டால்கூடப் போய்ச் சேரக்கூடியவள். லூர்துசெல்வி பெட்டியை வாங்கப் பார்த்தாள். சிவசக்தி விடவில்லை. “வேண்டாங்கக்கா, ஐஸ் உருகிடுச்சு. மருந்து வீணாப் போச்சு. நானே கணக்குச் சொல்லிக்கறேன்,” என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். குரலில் அழுகை இல்லை. அழுதிருந்தால் தேவலை என்று லூர்துசெல்விக்குத் தோன்றியது.

மெல்வினின் ஆட்டோவில் ஏற்றி, குப்பனூர்ப் பாதையில் இறங்கி, அடிவாரத்தில் இருந்த அவள் தாய் வீட்டில் விட்டார்கள். தாய் வெள்ளையம்மாள் மகளை ஏற இறங்கப் பார்த்தாள். “காலையில நல்லாத்தான போச்சு! நாலு இட்லி தின்னுட்டுப் போச்சுங்களே!” என்று வந்தவர்களிடம் நியாயம் கேட்பது போலக் கேட்டாள்.

சிவசக்தி எப்படி இருக்கிறாள் என்று அலுவலகத்திலிருந்து ஒருவரும் கேட்கும் முன்பே, சிவசக்தியின் ஊர்களையும் லூர்துசெல்வியே கூடுதலாகப் பார்க்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஓடைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சேர்த்து இனி இருபத்துமூன்று ஊர். மருந்து வீணானதற்கும் பணிக்கு வராததற்கும் விளக்கம் கேட்டு சிவசக்திக்கு மெமோ போனது. அதற்கு மறுநாள் டாக்டர் அருண்குமார் லூர்துசெல்வியைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

“உக்காருங்க சிஸ்டர். அந்தப் பொண்ணு விஷயமா மேல இருந்து அறிக்கை கேக்கறாங்க. நீங்க சீனியர், கூடவே வேலை பார்த்தவங்க. வீட்டுல ஏதோ பிரச்சினை, கொஞ்ச நாளாவே ஒரு மாதிரி இருந்தாங்கன்னு ரெண்டு வரி எழுதிக் கொடுங்க.”

“வீட்டுல பிரச்சினைன்னு எனக்குத் தெரியலீங்களே சார்.”

“எல்லார் வீட்டுலயும் ஏதாவது இருக்கும்.” அவர் மேஜை இழுப்பறையிலிருந்து வயிற்றுக்கு ஒரு மாத்திரை எடுத்து, தண்ணீர் இல்லாமல் விழுங்கினார். “அவங்களுக்கும் இதுதான் நல்லது. மெடிக்கல் லீவு சுலபமாக் கிடைக்கும். இல்லேன்னா அந்தக் கூட்டம், இந்தக் கூட்டம்னு போய் எல்லார் தலையும் உருளும். இந்த மாசத்துக்குள்ள கொடுங்க.”

“சரிங்க சார்,” என்று சொல்லி, அவர் கொடுத்த வெள்ளைத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

அதன் பிறகு அவளுக்குத் தூக்கம் விட்டுப்போனது. சாப்பாடு வாயில் மண்ணாக இருந்தது. போன் அதிரும்போதெல்லாம் நெஞ்சில் யாரோ முழங்காலை வைத்து அழுத்துவது போல வலித்தது. ஒரு நாள் அது தாங்க முடியாமல் போக, ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்தாள். “ஒண்ணுமில்ல சிஸ்டர், கேஸ் ட்ரபுள்தான்,” என்றார்கள். காப்பி எஸ்டேட்டில் ரைட்டராக இருக்கும் கணவன் கிறிஸ்துதாஸ் சோடா வாங்கி வந்து கொடுத்தான். பிளஸ் ஒன் படிக்கும் மகள் அபிஷா ஒரு மாலை குழாயை மூடாமல் விட்டதற்காக, பெற்ற பிள்ளையை எந்தத் தாயும் சொல்லாத வார்த்தையை லூர்துசெல்வி சொன்னாள். அதன் பிறகு அபிஷா அம்மா நிற்கும் அறையில் நிற்பதையே விட்டுவிட்டாள்.

கூடுதல் பொறுப்புக்காகக் கௌரியின் வீட்டுக்கும் போக வேண்டியிருந்தது. பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஒன்றரை மணி நேர நடை. மழைக்குப் பாதை இரண்டு இடத்தில் சரிந்திருந்தது. சவுக்கு மரத்தின் மேல் மிளகுக் கொடி ஏறியிருந்த ஒரு மேட்டில் நின்று போனைப் பார்த்தாள். ஒரு கோடுகூட இல்லை. சிவசக்தி இதை ஏழு முறை நடந்திருக்கிறாள்.

கௌரி உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். இரத்த அழுத்தம் பார்க்கக் கையை நீட்டினாளே தவிர முகத்தைத் திருப்பவில்லை. புருஷன் சந்திரசேகர் திருப்பூர் வேலைக்குத் திரும்பிவிட்டான். வெளியே வந்ததும் பெரியண்ணன் கேட்டார்.

“ஏனுங்க நர்சம்மா, அந்தப் புள்ளை ஏன் வரலைங்க?”

“உடம்பு சரியில்லீங்க.”

“எங்க ஊட்டு விசயத்துல அதைத் திட்டுனாங்களாமே? அங்கன்வாடி அம்மா சொல்லுச்சு.” அவர் தோளில் இருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். “அது வந்துச்சுங்க. ஏழு வாட்டியோ எட்டு வாட்டியோ, மழையில நனைஞ்சுக்கிட்டு வந்துச்சு. பத்து நாளைக்கு முன்னாலயே கீழ ஆஸ்பத்திரிக்குப் போயி படுத்துக்கச் சொல்லி, கைய எடுத்துக் கும்பிட்டுச்சுங்க. நாந்தான் அனுப்பல. காப்பிப் பழம் எடுக்கற நேரம், பையனும் ஊர்ல இல்ல. கீழ போனா வயித்தக் கிழிச்சுப்போடுவாங்கன்னு பயம் வேற. நாள் இருக்குதுன்னு நெனச்சேன். வலி முன்னாலயே வந்துருச்சு, பாதையும் போயிருச்சு. தப்பு எங்களுதுங்க. எங்களை ஒருத்தரும் வந்து கேக்கலீங்களே?”

“கேட்டா சொல்லுவீங்களா?”

“ஏன் சொல்லாம? எழுதித் தாங்க, கையெழுத்துப் போடறேன். போன பேரப்புள்ள வரப்போறதில்லை. அந்தப் புள்ளையாவது நல்லா இருக்கட்டும்.”

லூர்துசெல்வி தன் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதினாள். அவர் எழுத்துக் கூட்டி, ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார். அந்தத் தாளும் பையில் வெள்ளைத் தாளோடு சேர்ந்துகொண்டது. இரண்டு வாரம் இரண்டும் அங்கேயே கிடந்தன. ஒவ்வொரு நாளும் இன்று கொடுத்துவிடலாம் என்று கிளம்புவாள். அலுவலக வாசலைப் பார்த்ததும் பையை மூடிக்கொள்வாள்.

பிறகு செம்மநத்தத்தில் அது நடந்தது. அங்கன்வாடியில் தடுப்பூசி முகாம். பன்னிரண்டு தாய்மார்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். மூன்றரை மாதக் குழந்தை ஒன்றைத் தாய் மடியில் சாய்த்துப் பிடித்திருந்தாள். லூர்துசெல்வி ஊசியில் மருந்தை ஏற்றி, குழந்தையின் இடது தொடையைப் பிடித்தாள்.

“ஏனுங்க!” தாய் குழந்தையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். “இப்பத்தான அந்தக் காலுல போட்டீங்க! மறுக்கா அதையே போடறீங்களே?”

தொடையில் சிவந்த புள்ளியும் அதன் மேல் ஒட்டியிருந்த பஞ்சும் அப்போதுதான் கண்ணில் பட்டன. குழந்தை முதல் ஊசிக்கு அழுத அழுகையையே இன்னும் நிறுத்தவில்லை. அந்த ஊசியைப் போட்டது அவளுக்குத் துளியும் நினைவில் இல்லை. யோசித்துப் பார்த்தாள்; அந்த இடத்தில் ஒன்றுமே இல்லாமல், அடித்து அழித்தது போல இருந்தது. இந்தக் குழந்தைக்கு முன்னால் யாருக்குப் போட்டோம் என்பதும் தெரியவில்லை.

ஊசியைக் கழிவுப் பெட்டியில் போட்டாள். மருந்துப் பெட்டியை மூடினாள். மேற்பார்வை நர்ஸைப் போனில் கூப்பிட்டு, “நான் இன்னைக்கு ஊசி போட மாட்டேனுங்க. வேற ஆளை அனுப்புங்க,” என்றாள். அந்தப் பக்கத்திலிருந்து முகாமை நிறுத்த அனுமதி வாங்கினாயா என்று கேட்டார்கள். அவள் போனை வைத்துவிட்டு, அந்தத் தாயிடம் போனாள்.

“சாமி, நீ பார்த்ததால தப்பிச்சோம். மன்னிச்சுக்கோ.”

தாய் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே போனாள். மற்ற பதினோரு பேரும் அவள் பின்னால் எழுந்து போனார்கள்.

மறுநாள் வியாழக்கிழமை. மாதம் ஒருமுறை மனநல டாக்டர் ஸ்டெஃபி மலைக்கு வரும் நாள். லூர்துசெல்வியே தன் ஊர்களிலிருந்து எட்டுப் பத்துப் பேரை அவரிடம் கூட்டி வருவாள். யார் மாத்திரையை நிறுத்தினார்கள், யார் வீட்டில் கட்டி வைத்தார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அன்று யாரையும் கூட்டி வரவில்லை. பெஞ்சின் கடைசியில் தான் போய் உட்கார்ந்தாள்.

நான்கு வருஷமாக மாத்திரை சாப்பிடும் எஸ்டேட் தொழிலாளி தேவசிகாமணி, அவள் கூட்டி வந்தவர்தான், பக்கத்தில் இருந்தார். “நர்சம்மா, யாருக்குக் காட்டோணும்? முன்னால போங்க.”

“எனக்குத்தாங்க. வரிசையிலயே வர்றேன்.”

அவளிடம் ஊசி போட்டுக்கொண்டவர்கள், அவளிடம் பிள்ளைக்கு எடை பார்த்தவர்கள், எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். இன்று மாலைக்குள் இது எல்லா ஊருக்கும் போய்விடும் என்பது அவளுக்குத் தெரியும். எழுந்து போய்விடலாமா என்றுகூட இருந்தது. தேவசிகாமணி கொஞ்சம் நகர்ந்து, அவள் சாய்ந்துகொள்ளச் சுவர்ப் பக்கத்து இடத்தைக் கொடுத்தார்.

டாக்டர் ஸ்டெஃபிக்கு முப்பது வயதுதான் இருக்கும். கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறவர். தூக்கத்தைப் பற்றிக் கேட்டார். சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார். உயிரை விட்டுவிடலாம் என்று எப்போதாவது தோன்றியதா என்றும் சுற்றி வளைக்காமல் கேட்டார்.

“சாகணும்னு இல்லீங்க டாக்டர். பஸ்ஸு வளைவுல திரும்பறப்ப, அப்படியே கீழ போயிட்டா நாளைக்குக் கூட்டத்துக்குப் போக வேண்டியதில்லையேன்னு தோணும். மத்தவங்களும் உள்ள இருக்காங்களேன்னு அப்புறம்தான் நினைப்பு வரும்.”

டாக்டர் அதை எழுதிக்கொண்டார். பேனாவை மூடி வைத்தார். “இந்த மாசம் எங்கிட்ட வந்த ஆறாவது நர்ஸ் நீங்க. மத்த அஞ்சு பேரும் யாருக்கும் தெரியாம போன்லதான் பேசினாங்க.”

அப்போதுதான் லூர்துசெல்வி அழுதாள். கூட்டத்தில் நடந்ததைச் சொன்னாள். கேட்டபோது தான் குனிந்துகொண்டதையும், சிவசக்தி பெயரைச் சொல்லாமல் பார்த்ததையும் சொன்னாள். டாக்டர் மருந்துச் சீட்டை எடுத்து வைத்தார்.

“தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் மாத்திரை தர்றேன். பதினஞ்சு நாள் லீவு எழுதறேன். வாரம் ஒருதடவை எனக்குப் போன் பண்ணணும். பஸ் நினைப்பு வந்தா உடனே, எந்த நேரமா இருந்தாலும் பண்ணணும். இதெல்லாம் என் வேலை. ஆனா நீங்க சொன்னீங்களே கடைசியா, அதை நான் மாத்திரையில சரி பண்ண முடியாது.”

பதினைந்து நாள் கேட்டதற்கு நான்கு நாள் லீவு கிடைத்தது. முதல் நாள் மதியமே சாப்பாட்டு மேஜையில் வெள்ளைத் தாளை விரித்தாள். எழுத்து கோணிக்கொண்டு போனது. கிறிஸ்துதாஸ் பேனாவை வாங்கிக்கொண்டான். அவள் சொல்லச் சொல்ல, எஸ்டேட்டில் ஆள் வருகைப் பதிவேடான செக்ரோலை எழுதும் அதே குண்டு எழுத்தில் எழுதினான். ஐந்தாம் முறை அந்த வீட்டுக்குப் போனபோது நானும் உடன் இருந்தேன். கூட்டத்தில் சாட்சி கேட்டபோது பயத்தால் சொல்லவில்லை. சிவசக்திக்கு வீட்டில் பிரச்சினை இருந்ததாக எனக்குத் தெரியாது. வேலையில் பிரச்சினை இருந்தது தெரியும்.

எழுதி முடித்து அவன் ஒருமுறை படித்துப் பார்த்தான். “இதைக் கொடுத்தா உன்னையும் சேர்த்துப் பிடிச்சுக்குவாங்க, செல்வி.”

“தெரியுமுங்க.”

அவள் கையெழுத்துப் போடும்போது தாள் நகராமல் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டான்.

டாக்டர் அருண்குமார் இரண்டு தாளையும் படித்தார். பெரியண்ணனின் கையெழுத்தை நெடுநேரம் பார்த்தார். “இதை அனுப்பினா முதல் கேள்வி எனக்குத்தான் வரும் சிஸ்டர்,” என்றார். ஆனாலும் அனுப்பினார். அந்த மனிதரைப் பற்றி அதையும் சொல்ல வேண்டும்.

இருபது நாளில் பதில் வந்தது. மருந்து வீணானதற்காகச் சிவசக்திக்குக் கொடுத்த மெமோ ரத்து. வீட்டுப் பிரசவத்துக்குப் பணியாளரின் கண்காணிப்புக் குறைவே காரணம் என்ற வரி மட்டும் மாறவில்லை. பெரியண்ணனை யாரும் விசாரிக்கவில்லை. கூட்டத்தில் உண்மையை மறைத்ததற்கும், அனுமதியில்லாமல் முகாமை நிறுத்தியதற்கும் லூர்துசெல்விக்கு இரண்டு மெமோ. கூடுதல் பொறுப்பு மறு உத்தரவு வரும் வரை தொடரும் என்று கீழே ஒரு வரி. அதற்குள் சிவசக்தி வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள் என்று செய்தி வந்தது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் லூர்துசெல்வி பஸ் பிடித்துக் குப்பனூர் போனாள். முன்பு இரண்டு முறை போனபோது, “தூங்குதுங்க” என்று வெள்ளையம்மாள் வாசலிலேயே நிறுத்தி அனுப்பிவிட்டாள். இம்முறை சிவசக்தி கட்டிலில் உட்கார்ந்து முறத்தில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். மெலிந்திருந்தாள். முடியைக் கழுத்தளவுக்கு வெட்டியிருந்தாள். லூர்துசெல்வி பக்கத்தில் உட்கார்ந்து, கடிதம் கொடுத்ததையும் அதில் எழுதியதையும் ஒன்று விடாமல் சொன்னாள். சிவசக்தி கேட்டுக்கொண்டே உரித்தாள்.

“அன்னைக்கே சொல்லியிருக்கலாமேக்கா,” என்றாள் கடைசியில். கோபமாகச் சொல்லவில்லை.

“ஆமா கண்ணு. சொல்லியிருக்கோணும்.”

“அன்னைக்குச் சொல்லியிருந்தா நான் நின்னிருப்பேன். அந்த இருபது நிமிஷத்தையும் தாங்கியிருப்பேன். நீங்களும் இல்லேன்னு ஆனப்பதான் எனக்கே சந்தேகமாயிருச்சு, ஏழுதடவை போனமா, இல்ல நானா நெனச்சுக்கிட்டேனான்னு.”

வெள்ளையம்மாள் இரண்டு டம்ளர் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, வந்தவளை முறைத்துக்கொண்டே உள்ளே போனாள்.

“நீங்க மாத்திரை சாப்பிடறீங்களாமே? மெல்வின் சொன்னான்.”

“சாப்பிடறேன்.”

“தூக்கம் வருதா?”

“நாலு மணி நேரம் வருது. உனக்கு?”

“அஞ்சு. சில நாள் ஆறு.” சிவசக்தி முறத்தைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளினாள். லூர்துசெல்வி ஒரு கை அவரையை அள்ளி உரிக்கத் தொடங்கினாள். முறம் காலியாகும்வரை இருவரும் உரித்தார்கள். மலைக்குப் போகும் இரண்டு மணி பஸ் வருகிற சத்தம் கேட்டதும் அவள் எழுந்தாள். சிவசக்தி வாசல்வரை வரவில்லை.